கேமராவுக்கு முன் திரை: நீலகிரியில் உள்ளூர் சினிமாவை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியைத் திரையில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. தாவரவியல் பூங்காவின் புல்வெளி, பைக்காரா, மலை ரயில், தேயிலைத் தோட்டத்து வளைவுச் சாலை எல்லாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காதல் பாட்டுகளுக்குப் பின்னணியாக நின்று சலித்துவிட்டன. பிலிம் சுருள் தயாரித்த மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்கூட 1960இல் உதகையில்தான் தொடங்கப்பட்டது. இத்தனை இருந்தும், யூனிட் வண்டிகள் பர்லியாறு தாண்டிக் கீழே இறங்கியதும் மலையில் மிஞ்சுவது லாட்ஜ் வாடகையும் ஜீப் வாடகையும்தான். படுக மொழியில் முழுநீளப் படங்கள் வந்திருக்கின்றன. குறும்படங்களும் பாட்டுக் காணொளிகளும் யூடியூபில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் ஒரு படத்தில் கற்றவர் அடுத்த படத்தில் சம்பளம் வாங்கும் நிலை, அதாவது தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று, இன்னும் உருவாகவில்லை.

“இந்தச் சின்ன மாவட்டத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?” என்பது வழக்கமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள்தொகை 7.35 லட்சம். பூடான் என்ற முழு நாட்டின் மக்கள்தொகையும் 2017 கணக்கெடுப்பில் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த நாட்டில் சொந்த மொழியில் ஆண்டுதோறும் படங்கள் வருகின்றன. 2022 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற பூடான் படம், மின்சாரம் எட்டாத லுனானா பள்ளத்தாக்கில், சூரிய ஒளியில் பேட்டரி ஏற்றி, உள்ளூர் மக்களையே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது. நமக்குக் குறைந்தபட்சம் கரண்ட் இருக்கிறது, மழைக்காலத்தில் போய்ப் போய் வந்தாலும்.

பெரும்பாலான குழுக்கள் கேமரா வாங்குவதில் தொடங்கி, ஒரு குறும்படத்தோடு கலைந்துவிடுகின்றன. எடுத்த படத்தைப் பார்க்க ஆள் இல்லாததுதான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை தலைகீழாகத் தோன்றலாம். முதலில் பார்வையாளர், கடைசியில்தான் படம்.

1. திரையைக் கட்டுங்கள்

மாதம் ஒரு திரையிடல். ஆறு மாதம் இதை விடாமல் நடத்த முடியாத குழு படம் எடுக்கத் தயாராக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இடத்துக்கு அலைய வேண்டாம். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், சமுதாயக் கூடம் இருக்கும். எஸ்டேட்டில் தொழிலாளர் மனமகிழ் மன்றம் இருக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பள்ளி அரங்குகள் விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும். 100 முதல் 150 பேர் உட்காரும் இடம் போதும். 12 அடி அகல வெள்ளைத் துணி, 3,500 லூமன்ஸ் அளவில் ஒரு புரொஜக்டர், ஜன்னல்களை மூடக் கறுப்புத் துணி. புரொஜக்டரை வாங்காமல் முதலில் வாடகைக்கு எடுங்கள்.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலிதான். கூடங்களில் இருப்பது மேடைப் பேச்சுக்கான ஒலிபெருக்கி. வசனம் எதிரொலித்துக் குழம்பிவிடும். சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டாலே பாதி சரியாகும். கம்பளிக்கு நீலகிரியில் என்ன பஞ்சம்? தகரக் கூரைக் கூடமென்றால் தென்மேற்குப் பருவமழையில் திரையிடல் வைக்கவே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நிம்மதியான காலம்.

நேரம் முக்கியம். சமவெளியில் மாலை ஆறரைக் காட்சி வைக்கலாம். இங்கே அந்த நேரத்தில் காட்சி தொடங்கினால், முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். பந்தலூர், கூடலூர் பக்கம் யானை, மற்ற இடங்களில் காட்டெருமையும் சிறுத்தையும் சாலைக்கு வந்திருக்கும். பெண்களும் பெரியவர்களும் வர வேண்டுமென்றால் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி, பேச்சும் தேநீருமாக 5 மணிக்குள் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். எஸ்டேட்டில் சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு இன்னும் நல்லது.

எதைத் திரையிடுவது? இணையத்திலிருந்து இறக்கிய படத்தைக் கூட்டம் கூட்டிக் காட்டுவது 1957 பதிப்புரிமைச் சட்டப்படி தவறு. தமிழிலும் மலையாளத்திலும் குறும்படம் எடுத்தவர்களுக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஊரில் தன் படத்தைப் போடுகிறார்கள் என்றால் மகிழ்ந்து அனுப்பும் இயக்குநர்கள் ஏராளம். அவரையே ஒருமுறை மலையேறி வரச் சொல்லுங்கள். சாப்பாடும் தங்குமிடமும் உங்கள் பொறுப்பு. மேடை, பொன்னாடை, வரவேற்புரை வேண்டாம். படம் முடிந்ததும் பார்த்தவர்கள் கேள்வி கேட்கட்டும். கேள்வி கேட்டுப் பழகிய கூட்டம்தான் பிற்பாடு உங்கள் படத்தின் குறைகளை உங்களுக்குச் சொல்லப்போகிறது.

வந்தவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். ஆறு மாத முடிவில் அந்த நோட்டுதான் உங்கள் மூலதனம்.

2. சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கு, ரசீது, அரசு அலுவலகத்தில் நீட்ட ஒரு முத்திரைத் தாள், எல்லாவற்றுக்கும் இது வேண்டும். 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தால், பிற ஊர்ச் சங்கங்களின் தொடர்பும் படங்களும் கிடைக்கும்.

பொருளாளராகப் படம் எடுக்க ஆசைப்படாதவரைப் போடுங்கள்.

3. எந்த மொழியில் எடுப்பது

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளாக மத்திய அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு குழுவினரும் வாழும் மாவட்டம் இது. அவர்களோடு படுகர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள், கூடலூர்ப் பக்கம் மலையாளிகள், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கன்னடர். இத்தனை மொழி புழங்கும் மலையில் எல்லோரையும் சென்னைத் தமிழ் பேசவைத்துப் படமெடுத்தால், படத்தை ஊட்டியில் எடுத்திருக்கிறோம் என்று தனியாக எழுதித்தான் போட வேண்டும்.

என் பரிந்துரை: பாத்திரங்கள் வீட்டில் எந்த மொழி பேசுவார்களோ அதையே பேசட்டும். ஒரே படத்தில் இரண்டு மூன்று மொழி வந்தாலும் தவறில்லை. குன்னூர் மார்க்கெட்டில் அப்படித்தான் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் திரையின் அடியில் தமிழ் வசன வரிகள் (சப்டைட்டில்) போடுங்கள். மஞ்சூர்க்காரர் பணியர் மொழிப் படத்தையும், பந்தலூர்க்காரர் படுகப் படத்தையும் பார்க்க அதுதான் வழி. மாவட்டம் முழுதும் ஒரே சந்தையாவது அந்த வரிகளால்தான்.

திரைக்கதையை எழுதியபின் அந்த மொழி பேசும் மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வசனத்தில் அவர் கை வைத்தால் மறுப்புச் சொல்லாதீர்கள். படத்தின் முடிவில் அவர் பெயர் ‘வசன உதவி’ என்று வர வேண்டும். அதற்குப் பணமும் தர வேண்டும்.

கதைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சிறு விவசாயி. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளையின் லைன் வீடு. கேரட் லாரி ஓட்டுநரின் ஓர் இரவு. பங்களாப் பேய்க் கதைகளுக்கு மட்டும் ஐந்தாண்டு தடை போடலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

4. ஒப்புதல், ஊதியம், எடுக்கக் கூடாதவை

இதில் அவசரப்பட்டால் ஒரே படத்தில் ஊரின் கதவு மூடிவிடும். அடுத்து வரும் நல்ல குழுவுக்கும் சேர்த்துத்தான் மூடும்.

தோடர் மந்துக்கோ கோத்தர் கோக்காலுக்கோ படுகர் ஹட்டிக்கோ, எந்த ஊருக்கும், கேமராவோடு போய் இறங்காதீர்கள். முதல் சந்திப்பு ஊர்ப் பெரியவர்களோடு, கருவி எதுவும் இல்லாமல். தோடர்களின் பால்மனைக் கோயில், இறுதிச் சடங்கு, கோத்தர் கோயில் விழா போன்றவற்றில் எதை எடுக்கலாம், யார் எந்த எல்லை வரை நிற்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் காட்சியை எடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பது திருட்டு.

ஒப்புதல் படிவம் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவரவர் மொழியில் வாய்விட்டு வாசித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி அவரிடமே இருக்க வேண்டும். என்ன எடுக்கிறோம், எங்கெல்லாம் காட்டுவோம், எவ்வளவு தருகிறோம், பிறகு படம் விற்றால் அவருக்கு என்ன பங்கு, இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிற்காலச் சண்டையெல்லாம் அங்கிருந்துதான் முளைக்கிறது.

பேட்டா அன்றன்றைக்கு, கையில். தேயிலை பறிக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் நாள் கூலிக்குக் குறையாத தொகை அடிமட்டம். “ஊர் பெருமைக்காக நடிக்கிறார்கள்” என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லைட்மேனுக்குப் பேட்டா கொடுத்துவிட்டு, முகம் காட்டியவரை வெறும் கும்பிடோடு அனுப்புவது எந்த நியாயம்?

குழந்தைகள் நடித்தால் சட்டமே கணக்குச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். படம் சிறியது என்பதால் விலக்கு இல்லை.

2023இல் ஆஸ்கர் வென்ற ஆவணக் குறும்படம் முதுமலைத் தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுக்கப்பட்டது. அதன் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் உதகையில் வளர்ந்தவர். ஆண்டுக்கணக்கில் அங்கே போய்வந்து எடுத்த படம் அது. வார இறுதியில் வந்து ‘பழங்குடி வாழ்க்கை’ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் அந்த முறைக்கும் உள்ள தூரத்தை நினைவில் வையுங்கள்.

5. அனுமதிகள்

நீலகிரியில் நிலம் யாருடையது என்பதே பாதிக் கதை. கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிவது வனத்துறை, வருவாய்த்துறை, தோட்டக்கலைத்துறை, ராணுவம், ரயில்வே, தனியார் எஸ்டேட் என்று கூறுபோட்டுக் கிடக்கும்.

காடு: சரணாலயத்துக்குள் படமெடுக்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மாவட்ட வன அலுவலர் வழியாக மேலே போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். சிறு குழுவுக்கு என் யோசனை: காட்டுக்குள் நடக்கும் காட்சியைச் சாலையோரச் சில்வர் ஓக் வரிசைக்கோ தனியார் சோலைக்கோ மாற்றி எழுதுங்கள்.

பூங்காக்கள் தோட்டக்கலைத்துறையின் கீழ் வருகின்றன. அரசு இடங்களில் படப்பிடிப்புக்கான விண்ணப்பத்தைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகக் கொடுக்க வேண்டும். கட்டணம் பெரிய யூனிட்களை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டது. உண்மையில் உங்களுக்கு அந்தப் பூங்கா எதற்கு? அதைத்தான் ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்களே. மலை ரயிலும் அப்படித்தான். 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள ரயிலில் படமெடுக்க ரயில்வேயின் முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. கதைக்கு ரயில் வேண்டுமென்றால் ஊதல் ஒலியைப் பதிவு செய்து, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரின் முகத்தைக் காட்டுங்கள்.

வெலிங்டனும் அருவங்காடும் பாதுகாப்புத் துறை இடங்கள். அங்கே கேமராவைத் தூக்கவே யோசியுங்கள்; டிரோன் நினைப்பே வேண்டாம். மற்ற இடங்களில் டிரோன் பறக்கவிட 2021 டிரோன் விதிகள் பொருந்தும்: அரசின் இணையதளத்தில் பதிவு, வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமா என்ற சோதனை. இருக்கும் காசை டிரோனுக்குக் கொடுக்காமல் மைக்குக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

தனியார் எஸ்டேட்டில் மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றாலும் எழுத்தில் வாங்குங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ‘செக்ஷன் 17’ நிலம் என்று சொல்லப்படும், உரிமை தீராத நிலங்கள் நிறைய. அங்கே நிலத்தை அனுபவிப்பவர், வனத்துறை இருதரப்பிடமும் கேட்டுவிடுங்கள்.

எருமையோ நாயோ காட்சியில் நடிக்கிறதென்றால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். தணிக்கையில் கட்டாயம் கேட்பார்கள். எழுதும்போதே “இந்தக் கோழி தேவையா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சமவெளியிலிருந்து யாராவது வண்டியில் வந்தால், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸை முன்பே எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால், குழுவுக்கு எவர்சில்வர் டம்ளரும் ஒரு பெரிய கேனும் போதும்.

6. மார்கழியில் எடுங்கள்

நல்ல கேமரா ஊரிலேயே இருக்கிறது. கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களிடம். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவை சும்மா கிடக்கும். ஆடியில் கூடலூரும் தேவாலாவும் மழையில் மூழ்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை விட்டபின் வரும் மார்கழியில் குன்னூர், கோத்தகிரி, உதகை மூன்றிலும் வானம் தெளிந்துவிடும். ஆகவே மார்கழிதான் நம் சினிமா மாதம். வாடகையையும் பேசிக் குறைக்கலாம். ஸ்டுடியோக்காரரே ஒளிப்பதிவுக்கு வந்தால் இன்னும் நல்லது. படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை அந்தச் சமயத்தில்தான் வரும். தேதி பார்த்து அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

மார்கழிக்குத் தனிக் கஷ்டங்கள் உண்டு. உறைபனிக் காலையில் பேட்டரி பாதி நேரத்தில் இறங்கிவிடும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். பைக்குள் மூடியே அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

மூடுபனி எந்த நேரமும் வரும், கேட்காமலே போகும். தூரக்காட்சிகளை முதலில் எடுத்துவிடுங்கள். பனி இறங்கியபின் முக நெருக்கக் காட்சிகளை எடுக்கலாம், பின்னணி வெள்ளையாக இருப்பது உறுத்தாது. ஒவ்வொரு வெளிப்புறக் காட்சிக்கும் அதே இடத்தில் எடுக்கக்கூடிய வீட்டுக்குள் காட்சி ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் ஒரு கால்ஷீட்டும் வீணாகாது.

குழல்விளக்கு எரியும் கடையிலோ ஆபீசிலோ எடுக்கும்போது ஷட்டரை 1/50இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்குப் பொருந்தாத வேகத்தில் வைத்தால் திரை துடிக்கும். கைப்பேசியில் எடுத்தாலும் ஒளியளவையும் நிறத்தையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

இப்போது ஒலி. சென்னைப் படங்களில் பின்னால் டப்பிங் பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. தோடர் மொழியில் டப்பிங் பேச எந்த ஊரில் கலைஞரைத் தேடுவீர்கள்? நடித்தவரையே மறுபடி ஸ்டுடியோவுக்கு அழைத்து, திரையைப் பார்த்து உதட்டுக்குப் பொருந்தப் பேசச் சொன்னால் இயல்பு போய்விடும். சிறு மொழிகளில் எடுப்பவருக்கு, நடிக்கும்போதே ஒலியைப் பதியும் லைவ் சவுண்டைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் குழுவில் இயக்குநருக்கு அடுத்த முக்கியமான ஆள் ஒலிப்பதிவாளர். உடையில் பொருத்தும் மைக் ஒன்று, கழியில் கட்டிய மைக் ஒன்று, காற்றுத் தடுப்பு உறை, 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் ரிக்கார்டர். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிந்துவிடுங்கள். தேயிலைத் தொழிற்சாலை எப்போது ஓடும், பஸ் எப்போது வளைவில் ஹாரன் அடிக்கும் என்பதை லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவே பதிவுகளை மூன்று பிரதியாக்குங்கள். மூன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும்.

7. பணம்

ஒரு மாதிரிக் கணக்கு. 20 நிமிடப் படம், 12 பேர், 4 நாள் படப்பிடிப்பு என்றால் 144 சாப்பாடு. மலையில் நாளுக்கு மூன்று தேநீர் இல்லாமல் ஆகாது என்பதால் தேநீரும் 144. உணவு, ஜீப், பேட்டா மூன்றும்தான் செலவின் பெரும்பகுதி. கருவி வாடகை அதற்குப் பின்தான். ஊர் மகளிர் குழுவிடம் சமையலைக் கொடுங்கள். பணம் ஊருக்குள்ளேயே சுற்றும், சாப்பாடும் சூடாக வரும்.

வரவுக்கு, முதல் படியில் சொன்ன நோட்டை எடுங்கள். அதில் 300 குடும்பங்கள் ஆண்டுச் சந்தா 200 ரூபாய் கொடுத்தால் 60,000. அந்தத் தொகைக்குள் முதல் படத்தை எடுங்கள். நகையை அடகு வைத்து எடுத்த படம் நன்றாக வந்தாலும் இரண்டாவது படம் வராது.

ரிசார்ட் நடத்துபவர்கள் ஆஃப் சீசனில் இரண்டு அறை தரலாம். பேக்கரிக்காரர் வர்க்கி தரலாம். பள்ளி ஆசிரியர் கதைப் பயிற்சிக்கு மாணவர்களைச் சேர்க்கலாம். இவர்களிடம் பணமாகக் கேட்டால் தயங்குவார்கள். பொருளாகக் கேட்டால் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் கடைப் பலகையைக் காட்சிக்குள் திணிக்காதீர்கள். திரையிடலுக்கு முன் நன்றி அட்டை போட்டால் போதும்.

8. படத்தொகுப்பு

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமானது. முதல் தொகுப்பை (ரஃப் கட்) உங்கள் திரையிடலுக்கு வழக்கமாக வருபவர்களில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கே கைப்பேசியை எடுக்கிறார்களோ அங்கே வெட்டுங்கள். வசன வரி ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்; தமிழ்ச் சொற்கள் நீளமானவை, படிக்க நேரம் கொடுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமை வாங்க உங்களால் முடியாது. கொள், புகிரி போன்ற ஊதுகருவிகளும் தம்பட்டமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள்.

9. சான்றும் வெளியீடும்

யூடியூபில் மட்டும் போடுவதென்றால் தணிக்கைச் சான்று தேவையில்லை. ஆனாலும் வாங்கிவிடுங்கள் என்பேன். தேசியத் திரைப்பட விருதுகளில், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லாத மொழிகளின் முழுநீளப் படங்களுக்கும் தனி விருது கொடுப்பது உண்டு. படுக மொழியும் தோடர் மொழியும் அந்த அட்டவணையில் இல்லாதவை. அந்தப் போட்டிக்குள் நுழையச் சான்று வேண்டும். தணிக்கை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். 2024 விதிகளின்படி யு, ஏ ஆகியவற்றோடு 7, 13, 16 வயது என்று பிரித்த யு/ஏ வகைகள் உள்ளன. வசனப் பிரதி, கதைச்சுருக்கம், விலங்குகள் வந்தால் நல வாரியச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் டிக்கெட் போட்டுப் பொதுக்காட்சி நடத்த 1955 தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைவிட எளிது, ஏற்கெனவே உரிமம் உள்ள தியேட்டரில் ஒரு காலைக்காட்சியை வாடகைக்கு எடுப்பது. மூன்று நான்கு குறும்படங்களைச் சேர்த்து ஒன்றரை மணி நேரக் காட்சியாக்குங்கள். தியேட்டருக்கு வேண்டிய டிசிபி கோப்பை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம். முதல் நாளே தியேட்டரில் கொடுத்து ஓட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.

படம் எடுத்த ஊரில்தான் முதல் காட்சி. அதன்பின் மற்ற ஊர்கள், அதன்பின் விழாக்கள், யூடியூப் கடைசியில். விழாக்களில் குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர அகாதமி நடத்தும் சர்வதேச விழா நமக்குப் பக்கம்; மும்பை சர்வதேச விழாவும் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்கி இணையத்தில் மட்டும் ‘விருது’ தரும் பெயர் தெரியாத விழாக்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அந்தச் சான்றிதழ் சுவருக்கு மட்டுமே ஆகும்.

10. வெளியிலிருந்து வரும் யூனிட்டிடம் என்ன கேட்பது

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தை எட்டாது. அங்கே வந்து படமெடுப்பவர்களுக்குச் செலவில் 25 சதவீதத்தை அரசு திருப்பித் தருகிறது; பெரிய தயாரிப்புகளுக்கு 2022 முதல் 35 சதவீதம். அப்படி வருகிற படப்பிடிப்புகளில் உள்ளூர்க்காரர்கள் தொழில் கற்கிறார்கள். ஒரு மாவட்டத்தால் பணம் தர முடியாது. ஆனால் நம்மிடம் எதையும் கேட்காமலே யூனிட்கள் வந்துகொண்டிருக்கின்றனவே! பேசும் இடத்தில் இருப்பது நாம்தான்.

லொக்கேஷன் மேனேஜர்கள், ஜீப் ஓட்டுநர்கள், லாட்ஜ்காரர்கள் வழியாகவே ஒவ்வொரு யூனிட்டும் மலையேறுகிறது. உங்கள் சங்கம் அவர்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரிக்கட்டும்: தையல்காரர், தச்சர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர், ஒப்பனை தெரிந்தவர், உதவி ஒலிப்பதிவாளர், மொழி உதவியாளர். யூனிட் வரும்போது அந்தப் பட்டியலைப் புரொடக்ஷன் மேனேஜரிடம் கொடுத்து, துறைக்கு ஒருவரைப் பேட்டாவோடு உதவியாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். தொழிற்சங்க விதிகளைச் சொல்லித் தயங்குவார்கள். பயிற்சியாளர் என்ற பெயரில் வைத்துக்கொள்ளும்படி பேசிப் பாருங்கள். நான்கு பெரிய படங்களில் கேபிள் இழுத்த பையன் உங்கள் படத்தில் லைட்டிங்கைப் பார்த்துக்கொள்வான். அவனுக்கு மேலே படிக்க ஆசையென்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணத்தைச் சங்கம் கட்டலாம்.

11. இரண்டாவது படத்துக்கு முன்

வரவு செலவை அடுத்த திரையிடலில் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பங்கு தருவதாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு, தொகை நூறு ரூபாயாக இருந்தாலும், நேரில் போய்க் கொடுங்கள்.

இரண்டாவது படத்தை முதல் படத்தின் உதவி இயக்குநர் இயக்கட்டும். முதல் இயக்குநர் அதில் கிளாப் அடிக்கலாம். இந்தச் சுழற்சியைச் சங்க விதிகளிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வெட்டி எறிந்த பதிவுகளையும் அழிக்காதீர்கள். ஒரு குறும்பர் பாட்டி முழு மூச்சில் சொன்ன கதையில் உங்களுக்குத் தேவைப்பட்டது பத்து விநாடியாக இருக்கலாம்; மீதி நாற்பது நிமிடம் அந்த மொழிக்குத் தேவை. அவருடைய சம்மதத்தோடு ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கும், ஒன்றை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும், இன்னொன்றை மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டுக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஊர், தேதி, பேசியவர், மொழி, பதிந்தவர் என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றும் பொறுப்பும் பொருளாளருடையதுதான்.